முடிச்சில் வைத்த மஞ்சள்

நெதர்லாந்து
14.2.2010

அன்புள்ள அம்சா அக்காவுக்கு,

மஞ்சு எழுதுவது. நான் நலம். நீயும் நயினாவும் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே குளிர் காதைப் பிடித்துத் திருகுகிறது. அறையில் ஹீட்டர் இருந்தாலும், பெட்டியில் நீ மடித்து வைத்த போர்வையைத்தான் மேலே இழுத்துக்கொள்கிறேன்.

சம்பா அறுத்ததும் நீ அனுப்பிய கழனி மண் வந்து சேர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் லேபில் ஒரே கூட்டம். மண்ணுக்குள் மஞ்சள்தூள், குங்குமம், ஒரு கற்பூரத் துண்டு. என் பேராசிரியை கற்பூரத்தை இடுக்கியால் எடுத்துப் பிடித்து, "உங்கள் ஊரில் இது என்ன உரம்?" என்று கேட்டார். நான் என்னத்தைச் சொல்வது? சிரித்து மழுப்பினேன்.

கோபித்துக்கொள்ளாதே அக்கா. இனிமேல் மண்ணில் எதையும் கலக்காதே. மண்ணில் இருக்கும் கரிமத்தைத்தான் நான் அளக்கிறேன். ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். ஏரித் தண்ணீரில் காலங்காலமாக நெல் விளைந்த ஒரே கழனியின் மண், போகத்துக்குப் போகம் எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஆகவே கிணற்று மேட்டுக்கு நேர் கிழக்கே, நான் காட்டிவிட்டு வந்த அதே இடத்தில்தான் எடுக்க வேண்டும். படிப்பு முடிகிற வரை இது அறுபடக் கூடாது. அறுந்தால் ஆராய்ச்சி போச்சு, ஸ்காலர்ஷிப்பும் போச்சு, நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதையெல்லாம் போனில் சொன்னால் நயினா பக்கத்தில் நின்று "இன்னாவாம், இன்னாவாம்" என்று கேட்கிறார். உன் காதில் பாதிகூட விழுவதில்லை. அதனால்தான் கடிதம். பதிலையும் மண்ணோடு வைத்து அனுப்பு.

அன்புடன்,
மஞ்சுளா


பிள்ளைப்பாக்கம்
21.3.2010

அன்பு மஞ்சுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நயினாவும் நானும் சுகம். உன் சுகத்துக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கழனி மண்ணை வெறுமனே வெளியே கொடுக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. பெரிய அத்தை வீடு கட்டியபோது அம்மா ஒரு கூடை மண் கொடுத்தாள் அல்லவா, மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் கொடுத்தாள். நம்முடையது நம்மை விட்டுப் போகும்போது அப்படித்தான். சரி, உன் படிப்புக்கு ஆகாது என்றால் வேண்டாம். மறுபடி எடுத்த மண்ணை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, மேலே கட்டுகிற துணியின் முடிச்சில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தடவுகிறேன். அதையும் வேண்டாம் என்று சொல்லாதே.

எனக்குச் சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனியிலேயே வேலை. இன்னும் கான்ட்ராக்ட்தான். ஷிப்ட் முழுக்க லைனில் நிற்க வேண்டும். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நம் பின்கட்டு அறையில் தங்கமாரி என்ற பெண் வாடகைக்கு வந்திருக்கிறாள். சாத்தான்குளம் பக்கம். என் லைன்தான். மண்ணைக் காய வைக்கும்போது பார்த்துவிட்டு, "மண்ணப் படிக்கதுக்கா ஒங்க தங்கச்சி பிளேன் ஏறிப் போயிருக்காவ? எங்கூர்ல செவப்புத் தேரி மண்ணு கொள்ளையாக் கெடக்கு, சும்மாவே தாரோம்" என்றாள்.

பக்கத்துக் கழனி சுப்பராயன் சித்தப்பா கொடுத்துவிட்டார். யாரோ கம்பெனிக்காரர் வாங்கியிருக்கிறார். கல் நட்டிருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்சவல்லி


நெதர்லாந்து
12.9.2010

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். சொர்ணவாரிப் போகத்து மண் வந்தது. மஞ்சள் முடிச்சும் வந்தது. லேபில் இப்போது எல்லோருக்கும் அது பழகிவிட்டது. அலமாரியில் நூறு பொட்டலம் இருந்தாலும் தூரத்திலிருந்தே என்னுடையது தெரிகிறது.

மண் அருமையாக இருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடக் கரிமம் அதிகம். பேராசிரியை இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னார். இந்த ஊரில் கடலைத் தள்ளிவிட்டு அதன் அடியில் இருந்த மண்ணை வயலாக்கியிருக்கிறார்கள் அக்கா. தரை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணுக்கு இவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் நம்மூர் ஏரியை நினைத்துக்கொள்வேன்.

சில விவரம் வேண்டும். நடவுக்கு முன் எத்தனை தண்ணீர் விட்டீர்கள்? யூரியா எப்போது போட்டீர்கள்? அறுத்த தாளை மடக்கி உழுதார்களா, எரித்தார்களா? மண் எடுத்த அன்று ஈரம் இருந்ததா? மறக்காமல் எழுது. ரொம்ப முக்கியம்.

நயினாவுக்கு என் அன்பு.

மஞ்சுளா


பிள்ளைப்பாக்கம்
27.2.2011

அன்பு மஞ்சுவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நன்றாக இரு.

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. வாரத்துக்கு நாலு நாள் ஓ.டி. வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்க விரல் வருவதில்லை.

சம்பா முடிந்தது. விளைச்சலைக் கேட்காதே. வாய்க்கால் தண்ணீர் இப்போது கொஞ்சம் சுற்றி வருகிறது. யூரியா ஒரு தடவைதான் போட்டது. தாளை மடக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை, அப்படியே நிற்கிறது. மண்ணில் ஈரம் இல்லை. நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

தபாலாபீசில் இருக்கிற ஆள் இந்த முறையும் விடவில்லை. "இன்னாம்மா, மண்ணே இல்லாத ஊரா அது?" என்றார். நீ அனுப்பிய அனுமதிச் சீட்டைக் காட்டியதும் சீல் குத்தினார்.

நயினாவுக்கு இருமல் தேவலை. இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை.

அம்சவல்லி


நெதர்லாந்து
8.5.2011

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா?

ஒரு நல்ல சேதி. ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கில் நம் கழனியைப் பற்றிப் பேசினேன். திரையில் பெரிதாகப் படம் போட்டேன், நயினா வரப்பில் நிற்கிற படம். பேசி முடித்ததும் ஒரு பெரியவர் வந்து, இத்தனை ஒழுங்காக மாதிரி எடுத்து அனுப்புகிற உதவியாளர் யார் என்று விசாரித்தார். என் அக்கா என்றேன்.

ஆகஸ்டில் சொர்ணவாரி மண்ணை மறந்துவிடாதே. அதை வைத்துத்தான் அடுத்த மார்ச்சில் என் ஸ்காலர்ஷிப்பை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். சம்பாவின்போது வாய்க்கால் சுற்றி வருகிறது என்று எழுதியிருந்தாய். எங்கே சுற்றி வருகிறது? ஒரு படம் வரைந்து அனுப்ப முடியுமா?

நயினா போனில் ஏன் பேசுவதில்லை? "நல்லாக்கீறோம்மா" என்று சொல்லிவிட்டு உன்னிடம் கொடுத்துவிடுகிறார்.

மஞ்சுளா


பிள்ளைப்பாக்கம்
4.9.2011

மஞ்சுவுக்கு,

சுகம். உன் சுகம் வேண்டும்.

மண் இத்துடன் இருக்கிறது. நீ காட்டிய அதே இடத்தில்தான் எடுத்தேன். கிணற்று மேட்டுக்கு நேர் கிழக்கே. காய வைத்து, சலித்து, ஒட்டியிருக்கிறேன்.

படம் வரைய நேரம் இல்லை. லைனில் ஆள் குறைத்துவிட்டார்கள். இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்க வேண்டியிருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு.

அம்சவல்லி


நெதர்லாந்து
20.11.2011

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் இப்போது எனக்கு மனம் ஓடவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பியது நம் கழனி மண் இல்லை. முதலில் என் கையில்தான் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். நம் மண் களி, இது பாதிக்கு மேல் மணல். கரிமம் கிட்டத்தட்ட இல்லை. பூதக்கண்ணாடியில் வைத்தால் நத்தை ஓடு, உடைந்த ஓட்டுத் தூள். இது ஏரியில் வெட்டி, மனைகளை மேடாக்க லாரியில் அடிப்பார்களே, அந்தச் சவுடு மண். நம்மூர்ப் பெண்ணுக்குச் சவுடு தெரியாதா?

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பொட்டலம் வந்த அன்று அலமாரியில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முடிச்சில் மஞ்சள் இல்லை.

அதே இடத்தில் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். நீ பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? கழனி எங்கே அக்கா? நான் ஊர் ஊராகப் போய் அந்தக் கழனியைத் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? என்னை என்ன பச்சைக் குழந்தை என்று நினைத்தீர்களா?

மஞ்சுளா


நெதர்லாந்து
10.1.2012

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. போன் செய்தால் தங்கமாரி எடுத்து, "அக்கா ஷிப்டுக்குப் போயிட்டாவ" என்கிறாள். நயினாவிடம் கழனி என்று ஆரம்பித்ததும் போன் கட்டாகிவிடுகிறது.

பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். மார்ச் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பொங்கல் வருகிறது. அறுத்தீர்களா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

மஞ்சு


பிள்ளைப்பாக்கம்
29.1.2012

அன்பு மஞ்சுவுக்கு,

நயினா உடம்பு பரவாயில்லை. என் உடம்பைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

கழனி போன மே மாதம் கைமாறிவிட்டது. சுப்பராயன் சித்தப்பா கழனி வழியாகத்தானே நம் வாய்க்கால். அங்கே சுவர் எழும்பியதும் தண்ணீர் நின்றது, கிணற்றிலும் ஊற்று இல்லை. சுற்றி வருகிறது என்று எழுதினேன், அது நயினா குடத்தில் சுமந்து ஊற்றியது. பிறகு வடக்கிலும் சுவர் வந்தது. டிராக்டர் உள்ளே போக வழி இல்லை. சொர்ணவாரிக்கு எடுத்து வைத்த விதை மூலையிலேயே கிடந்து எலி தின்றது. ஒரு நாள் நயினா, "குடுத்துடலாமா, நீ இன்னாம்மா சொல்றே" என்றார். ஏன் என்னைக் கேட்டார் என்று உனக்குத் தெரியும். சின்னவளுக்குப் படிப்பு, பெரியவளுக்குக் கழனி என்று அம்மா இருக்கும்போதே பிரித்து வைத்தது. சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது, "மஞ்சுகிட்ட மூச்சு வுடாதே, படிப்ப வுட்டுட்டு ஓடி வந்துரும்" என்றார். நீ ஜெர்மனியில் பேசிய கடிதம் அந்த வாரம்தான் வந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவேன், சொல்.

ஆகஸ்டில் நீ மண் கேட்டாயே என்று போனேன். கேட்டில் வாட்ச்மேன் வனமாமலை அண்ணாச்சி, நாங்குநேரிக்காரர். கெஞ்சியதும் உள்ளே விட்டார். கிணற்றை மூடிவிட்டார்கள். மேடு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அதற்கு நேர் கிழக்கே, நீ காட்டிய இடத்தில் வெட்டினேன். லாரி அடித்த சவுடு என்று எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் இடம் அதேதான், பொய் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வீட்டுக்கு வந்து முடிச்சு போடும்போது மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். கை போகவில்லை. யாருடைய மண்ணுக்கோ நான் எப்படி மஞ்சள் வைப்பது?

இப்போது என் உடம்பு. நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. ஷிப்ட் முடிந்தால் தங்கமாரி தைலம் தேய்த்துவிடுகிறாள். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். மண்ணில் ஈரம் இருந்ததா, யூரியா போட்டதா, தாளை எரித்ததா, எல்லாம் கேட்டிருக்கிறாய். அக்கா நீ சாப்பிட்டாயா என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். நலமா என்று முதல் வரியில் இருக்கிறது. அது எல்லோரும் எழுதுகிறது.

கோபமில்லை மஞ்சு. அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். உன் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அம்சவல்லி


நெதர்லாந்து
18.2.2012

என் அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டுப் பார்த்தாயா? டாக்டரிடம் போனாயா, அல்லது தைலத்தோடு விட்டுவிட்டாயா? இதற்கெல்லாம் முதலில் பதில் எழுது.

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்துவிட்டேன், படித்திருக்கக் கூடாது. கழனி உன்னுடையது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது அக்கா. நான்தான் மேடைக்கு மேடை "என் கழனி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ, போடி என்பாய். இருந்தாலும் கேட்கிறேன்.

பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உன் பழைய பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "அந்தக் கழனி எங்கும் போகவில்லையே, சவுடுக்குக் கீழேதானே இருக்கிறது" என்றார். அப்படி மூடிப்போன நெல்மண் உள்ளே என்ன ஆகிறது என்று யாரும் சரியாகப் பார்த்ததில்லையாம். மூடுவதற்கு முன் எடுத்த மண் என்னிடம் மூன்று போகத்துக்கு இருக்கிறது. மூடிய பிறகு அடியிலிருந்து ஒரே ஒரு முறை கிடைத்தால் ஆராய்ச்சியைத் திருப்பி எழுதலாம், ஸ்காலர்ஷிப்பையும் ஜூன் வரை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முடியாது என்றால் விட்டுவிடு. நான் ஊருக்கு வந்துவிடுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து லைனில் நிற்போம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சாப்பிட்டாயா?

மஞ்சு


பிள்ளைப்பாக்கம்
20.5.2012

அன்பு மஞ்சுவுக்கு,

சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு, தங்கமாரி வைத்தது, காரம் தாங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரைப் பார்த்தேன். காலுக்கு இறுக்கமான சாக்ஸ் கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

உன் கடிதம் வந்து நான் பல நாள் சும்மாவே இருந்தேன். கம்பெனிக் கட்டடம் பாதி எழும்பிவிட்டது. யாரை விடுவார்கள் உள்ளே? போன வாரம் வனமாமலை அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "சொவரு ஓரமா மரம் வைக்கதுக்குக் குழி வெட்டுதாவ, ஆள் இல்லாமத் தெவங்குதாவ. ஒங்க அப்பா வருவாவளா?" என்றார். கிழக்குச் சுவர். கணக்குப் போட்டுப் பார், நம் இடம்தான்.

நயினாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் உனக்கு எல்லாம் தெரியும் என்றே சொல்லிவிட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "திட்டுச்சா?" என்றார். "இல்ல நயினா, மண்ணு கேக்குது" என்றேன். கை கழுவிவிட்டுப் போய் மண்வெட்டியை எடுத்து வாசலில் வைத்தார்.

நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மற்ற ஆட்கள் எல்லாம் இடுப்பளவு வெட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போய்விட்டார்கள். நயினா மட்டும் ஒரே குழிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இன்னா பெருசு, மரம் நடப் போறியா, கெணறு வெட்டப் போறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நயினா நிமிரவே இல்லை. வெள்ளைச் சவுடு தீர்ந்து, மண்வெட்டி சொத்தென்று விழுகிற சத்தம் மேலே நின்ற எனக்கே கேட்டது. கறுத்த களி. அழுகின வைக்கோல் வாசனை. அதில் நம் கடைசிச் சம்பாவின் தாள் அப்படியே வரிசையாக நட்டுக்கொண்டிருந்தது, மஞ்சு. உழாமல் விட்டது. நயினா ஒரு தாளைப் பிடித்து அசைத்துப் பார்த்தார், வரவில்லை. "இந்தா, இதாம்மா நம்பளுது" என்று ஒரு கட்டி மண்ணை என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். நான் பார்க்க அழுதது அம்மா போன அன்றைக்கு, அப்புறம் இப்போதுதான். நானும் அழுதேன். மேஸ்திரி நல்ல மனிதர், எல்லோரையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மண் இத்துடன் இருக்கிறது. இந்த முறை காய வைக்கவில்லை, ஈரத்தோடு அப்படியே ஒட்டிவிட்டேன். இனிமேல் கேட்காதே. கன்றை நட்டு அன்றைக்கே குழியை மூடிவிட்டார்கள். என்ன மரம் என்று கேட்டேன். பேர் தெரியாதாம், காய்க்காதாம், நிழல் மட்டும் தருமாம்.

ஊருக்கு வந்து லைனில் நிற்கிற பேச்சை இன்னொரு முறை எழுதினால் உதைப்பேன். என் பங்கு அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அதை வைத்து நீ படித்து முடி.

துணியை நான்தான் மடித்தேன். முடிச்சு போடப் போனபோது நயினா வாங்கிக்கொண்டார். அவரே டப்பாவைத் திறந்து மஞ்சள் வைத்தார். கை ஈரமாக இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டியிருக்கிறது. லேபில் கேட்டால் நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

உன் அக்கா,
அம்சவல்லி